“பார்க்கலாம்ணே”

2020 ஏப்ரல் முதல் வாரம் போனில் நான் சொன்னது அந்த ஒரு சொல்தான். இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

கேட்டவர் அப்பா காலத்திலிருந்து மதுரைப் பக்கம் கப்பலூரில் இருக்கும் எங்கள் ஷெட்டில் ரப்பர் பிரஸ், அதாவது ரப்பரை மோல்டில் (அச்சில்) அழுத்தி வார்க்கும் மெஷின், ஓட்டுகிறவர். “தம்பி, இந்த மாசம் சம்பளம் முழுசா வருமா, வராதா? ரெண்டுல ஒண்ணு சொல்லிருங்க. அதுக்குத் தக்கன ஏற்பாடு பண்ணிக்கிறேன்” என்றார். முன்பணம்கூடக் கேட்கவில்லை. பதில்தான் கேட்டார்.

பதில் என்னிடம் இருந்தது. மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்ததோடு வர வேண்டிய பில் பணம் நின்றுபோனது. வங்கியில் இருந்தது பாதிச் சம்பளத்துக்குத்தான் காணும். ஆனால் சம்பளத்தைப் பிடிக்கக்கூடாது என்று மார்ச் 29-ல் மத்திய அரசு உத்தரவு போட்டிருந்தது. பாதிதான் என்று வாய்விட்டுச் சொல்லப் பயந்தேன். ரிசர்வ் வங்கி 3 மாதக் கடன் தவணையைத் தள்ளிவைக்க வழிவிட்டதால், எப்படியாவது புரட்டிவிடலாம் என்றும் நம்பினேன். நம்பியது பொய்யில்லை. முதலாளியே கையை விரித்தால் மற்றவர்கள் என்ன ஆவார்கள் என்ற நினைப்பும் இருந்தது.

கடைசியில் பாதிதான் போட்டேன்.

மே மாதம் ஷெட் திறந்த அன்று திருமங்கலத்திலிருந்து சைக்கிளில் வந்தார். கேரியரில் தூக்குவாளியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். “வண்டி எங்கண்ணே?” என்றேன். வீட்டு வாடகை கொடுக்க வட்டிக்கு வாங்கிய பணத்துக்கு ஈடாக நிற்கிறதாம். முன்னாலேயே தெரிந்திருந்தால் குடும்பத்தோடு மாமனார் ஊருக்குப் போய் இருந்திருப்பாராம். எனக்குப் பேச்சு வரவில்லை. அவராகவே, “அப்பா பார்க்கலாம்னு சொன்னா வந்துரும் தம்பி. அதான்...” என்றார்.

அப்பாவின் அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு அர்த்தம் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். தெரியாமல் சொன்னது தப்பாகுமா? ஆகாது என்று சில நாள் தோன்றுகிறது. ஆனால் அவர் ரெண்டுல ஒண்ணுதானே கேட்டார்?

ஜூன் 24-ல் மதுரையில் மறுபடி முழு ஊரடங்கு வந்தபோது ஒவ்வொருவருக்கும் நானே போன் பண்ணி, கையில் இருப்பது இவ்வளவு, கொடுக்க முடிந்தது இவ்வளவு என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதமே நல்ல வேலைக்காரர்கள் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். அதில் ஒருவர் கையில்தான் பாதி மோல்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. அப்போது ஏப்ரலில் வாயை மூடியதே சரியோ என்றுகூட நினைத்தேன்.

அண்ணன் இன்றும் அதே பிரஸில்தான் நிற்கிறார். அதற்கப்புறம் சம்பளத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தீபாவளி போனஸ் என்றைக்கு என்பதைக்கூட மற்றவர்களிடம்தான் கேட்டுக்கொள்கிறார்.