பால் குடுக்கிறப்ப தைராய்டு மாத்திரைய நிறுத்தாதீங்க

என் தங்கச்சிக்கு இப்பதான் பொண்ணு பொறந்திருக்கா, அவளுக்கும் என்னை மாதிரியே ஹைப்போதைராய்டு, அதாவது தைராய்டு ஹார்மோன் கம்மியா சுரக்கிறது, குழந்தைய பாக்க வர்ற ஆளெல்லாம் "பால் குடுக்கிறப்ப அந்த மாத்திரைய போடாதடி, புள்ளைக்கு போயிரும்"னு சொல்லிட்டு போறாங்க, அவ ராத்திரி போன் பண்ணி அழறா. ரெண்டு புள்ளைக்கும் மாத்திரை போட்டுக்கிட்டே பால் குடுத்தவ நான், அதனால சொல்றேன், நிறுத்தாதீங்க. தைரோநார்ம், எல்ட்ராக்சின் எதுவா இருந்தாலும் உள்ள இருக்கிறது லெவோதைராக்சின், நம்ம உடம்பே சுரக்கிற அதே ஹார்மோன். பால்ல ரொம்ப கொஞ்சமாத்தான் போகும், சரியான டோஸ்ல அது குழந்தைய ஒண்ணும் பண்ணாது. மாத்திரைய விட்டாத்தான் அசதி ஆளை அடிச்சு போடும், பாலும் கொறையலாம், பூண்டும் சுறா புட்டும் எவ்ளோ சாப்பிட்டாலும் அது சரியாகாது.

டோஸை மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. மாசமா இருக்கிறப்ப ஏத்தினதை பிரசவம் ஆனதும் பொதுவா பழைய அளவுக்கு கொறைச்சிட்டு 6 வாரம் கழிச்சு டிஎஸ்எச்ங்கிற தைராய்டு ரத்த டெஸ்ட் எடுத்து பாப்பாங்க.

நெஜமான தொல்லை நேரம்தான். வெறும் வயித்துல போட்டு அரை மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் கழிச்சுதான் காபி, பிரசவத்துக்கு அப்புறம் தர்ற அயர்ன், கால்சியம் மாத்திரைக்கும் இதுக்கும் 4 மணி நேரம் இடைவெளி வேணும், இல்லன்னா மருந்து உடம்புல சரியா ஏறாது. விடிகாலை பாப்பா பாலுக்கு எழுப்புவால்ல, அப்ப போட்டுரு, தலைமாட்டுல மாத்திரையும் தண்ணியும் வச்சுக்கோன்னு தங்கச்சிகிட்ட சொல்லிருக்கேன், அயர்ன் மத்தியான சாப்பாட்டுக்கு அப்புறம், கால்சியம் ராத்திரி. முடி கொட்டுதுன்னு பயோட்டின்ங்கிற வைட்டமின் மாத்திரை சாப்பிட்டா லேப்ல சொல்லுங்க, அது தைராய்டு டெஸ்ட் ரிசல்ட்டையே மாத்தி காட்டும், டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடியே அதை நிறுத்தணும்.

ஹைப்பர், அதாவது தைராய்டு ஹார்மோன் அதிகமா சுரக்கிறவங்களும், அதை கொறைக்கிற கார்பிமசோல் மாத்திரைய டாக்டர் சொல்ற கம்மி டோஸ்ல போட்டுக்கிட்டே பால் குடுக்கலாம். ரேடியோ அயோடின் (கதிர்வீச்சு உள்ள அயோடின் மருந்து) ட்ரீட்மெண்ட் மட்டும் பால் குடுக்கிறப்ப கூடவே கூடாது, தைராய்டு ஸ்கேன்னு எழுதி குடுத்தாலும் குழந்தைக்கு பால் குடுக்கறேன்னு முதல்ல சொல்லிருங்க.

இன்னொண்ணு, முன்னாடி தைராய்டே இல்லாதவங்களுக்கும் பிரசவத்துக்கு அப்புறம் ஒரு வருஷத்துக்குள்ள வரலாம், மொதல்ல படபடப்பு, எடை கொறையறது, அப்புறம் ஒரேயடியா சோர்வு. புள்ள பெத்த உடம்பு அப்படித்தான் இருக்கும்னு வீட்ல சொன்னாலும் ஒரு ரத்த டெஸ்ட் எடுத்து பாத்துருங்கப்பா.