சிவப்புப் புள்ளிகள்: ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு நாட்குறிப்பு

14 ஜூன் 2025, சனி

இரண்டு வருடமாகப் பையனின் கறுத்த பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். கடலைமாவு, பாசிப்பயற்றுமாவு, பீர்க்கங்கூடு, எதையும் விடவில்லை. "ஒழுங்கா குளிச்சா அழுக்கு போகாதா?" என்று நானே பல ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைத் திட்டியிருக்கிறேன். தோல் சிவந்து எரிகிறது என்று அழுவான். அதன் பிறகு எந்தச் சட்டை போட்டாலும் காலர் பொத்தானை மேலே வரை மாட்டிக்கொள்ளப் பழகிவிட்டான்.

இன்று குழந்தை மருத்துவர் அந்தக் காலரை விலக்கிப் பார்த்துவிட்டு, இது அழுக்கே இல்லை என்றார். உடல் எடை கூடி, இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காமல் போகும்போது, ரத்தத்தில் இன்சுலின் அளவு ஏறுகிறது. அதனால்தான் தோல் இப்படித் தடித்துக் கறுக்கிறதாம். தேய்த்தால் போகாது.

பையன் திரும்பி என்னைப் பார்த்தான். வீட்டுக்கு வந்ததும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லப்பா" என்றான். பொத்தானைக் கழற்றவில்லை.

வயது 10. உயரம் 138 செ.மீ., எடை 46 கிலோ. ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார், மாத்திரை எதுவும் இல்லை. "நடத்தை சிகிச்சைதான் முதல்ல, அதாவது பழக்கவழக்கத்தை மாத்துறது. சனிக்கிழமை சனிக்கிழமை வரணும், அவன் மட்டும் இல்ல, நீங்களும்." அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலைக் காட்டினார். 3 முதல் 12 மாதத்துக்குள் குறைந்தது 26 மணி நேரமாவது குடும்பத்தோடு நேரில் உட்கார்ந்து பேச வேண்டும் என்கிறது அது. ஐந்து நிமிடத்தில் ஒரு டயட் தாளை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று போயிருந்தேன்.

21 ஜூன், சனி

ஆளுக்கொரு நோட்டு. சாப்பிடுவதையெல்லாம் எழுதிப் பக்கத்தில் ஒரு நிறப் புள்ளி வைக்க வேண்டும். கீரை, புடலங்காய், வெள்ளரி, கொய்யா பச்சை. இட்லி, சோறு, சப்பாத்தி, முட்டை மஞ்சள். அளவு பார்த்துச் சாப்பிட வேண்டியவை. முறுக்கு, பரோட்டா, பஜ்ஜி, கேக், குளிர்பானம் சிவப்பு. சிவப்புக்குத் தடை கிடையாது, எண்ணிக்கைதான் முக்கியம். முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம், எழுதினால் போதும் என்றார் டயட்டீஷியன்.

எனக்கும் எதற்கு நோட்டு என்று கேட்டேன். லெனார்ட் எப்ஸ்டீன் என்ற உளவியலாளரைப் பற்றிச் சொன்னார். இந்த டிராஃபிக் லைட் முறையை 1970களில் உருவாக்கியவர் அவர். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளின் குடும்பங்களை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒன்றில் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து பழக்கத்தை மாற்றினார்கள். ஒன்றில் பிள்ளை மட்டும். மூன்றாவது குழுவில் வருகைக்குத்தான் பாராட்டு, யாருடைய பழக்க மாற்றத்துக்கும் தனிப் பாராட்டு இல்லை. எல்லாருக்கும் உணவு, உடற்பயிற்சிப் பாடம் ஒன்றேதான். பத்து வருடம் கழித்து, 1990இல் முடிவு வந்தது. இருக்க வேண்டிய எடைக்கு மேல் எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டதில், சேர்ந்து மாறிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அது 7.5 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது. மூன்றாவது குழுவில் 14.3 கூடியிருந்தது. பிள்ளை மட்டும் மாறிய குழுவிலும் 4.5 கூடியிருந்தது.

அந்தக் கடைசி எண்தான் தூங்கவிடாமல் செய்கிறது. நான் பஜ்ஜி தின்றுகொண்டே அவனை மட்டும் கட்டுப்படுத்தப் பார்த்தேன். அதற்குப் பெயர் அக்கறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

29 ஜூன், ஞாயிறு

முதல் வாரக் கணக்கு: அவனுக்கு 31 சிவப்பு, எனக்கு 36. டாக்டர் அவன் நோட்டைப் பார்த்து, "ஒண்ணு விடாம எழுதியிருக்கியே, ரொம்ப நல்லா செஞ்சிருக்கே" என்றார். 31ஐப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து வெகு நாளாயிற்று.

டிவி மேல் இருந்த மிக்சர் டப்பா போயிற்று. அந்த இடத்தில் கொய்யாக் கூடை.

6 ஜூலை, ஞாயிறு

அம்மாவோடு பெரிய வாக்குவாதம். "வளர்ற புள்ளைக்குக் கணக்குப் பாத்து சோறு போடுவாங்களாடா?" என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டார். ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்று எங்கள் நாலு பேரை வளர்த்தவர். ஒரு கரண்டி கூடுதலாக வைப்பதுதான் அவருக்குப் பாசம். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

சாயங்காலம் என் மனைவி ஒரு காரியம் செய்தாள். "அத்தை, உங்க காலத்துல புடலங்காயில பாசிப்பருப்பு போட்டு ஒரு கூட்டு வைப்பீங்களே, இவனுக்கு அதக் கத்துக் குடுங்க" என்றாள். அரை மணி நேரம் பாட்டியும் பேரனும் அடுப்படியில். அவன் தேங்காய் துருவினான், பாதி கீழே. அப்புறம் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பச்சைப் புள்ளியைப் பாட்டியே வைத்தார், பெரிதாக, நோட்டுக் கோட்டுக்கு வெளியே வழிகிற மாதிரி.

19 ஜூலை, சனி

"ஓடு, குதின்னு விரட்டாதீங்க. உக்காந்திருக்கிற நேரத்தைக் குறைங்க, அவனே எழுந்து ஏதாவது செய்வான்" என்றார் டாக்டர். செல்போனுக்கும் டிவிக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம், எங்களுக்கும்தான். பள்ளிக்கூடம் நடந்து போனால் பத்து நிமிடம். இத்தனை நாள் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். இப்போது சித்திரை வீதி வழியாக இரண்டு பேரும் நடக்கிறோம். நடந்த நாளுக்கு ஒரு புள்ளி. இருபது சேர்ந்தால் திருச்சி ரயில் மியூசியம். பரிசாகத் தின்பண்டமும் கூடாது, காசும் கூடாது.

3 ஆகஸ்ட், ஆடிப்பெருக்கு

அம்மா மண்டபம் காவிரிப் படித்துறையில் நல்ல கூட்டம். புளியோதரை, தேங்காய் சாதம், சர்க்கரைப் பொங்கல், எல்லாம் உண்டு. வட்டில் சின்னதாக எடுத்துப் போயிருந்தோம். இரண்டாவது தடவை கேட்பதற்கு முன் அவனே கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். "பசிக்குதா, ஆசையான்னு யோசிக்கிறேன்" என்றான். சொல்லிக்கொடுத்ததுதான். அப்புறம் கொஞ்சம் பொங்கல் மட்டும் வாங்கிக்கொண்டான்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் ஒருவர், "என்னடா குண்டு, ஒரு லட்டு போதுமா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். நான் எழுந்து போய், "அவனுக்குப் பேர் இருக்கு, பேர் சொல்லிக் கூப்பிடுங்க" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, அதற்காக வருத்தமில்லை. கேலி செய்தால் பிள்ளைகள் இளைப்பதில்லை. ஒளிந்துகொண்டு தின்னத்தான் பழகுகிறார்கள். அன்று ராத்திரி ஃபிரிட்ஜ் முன்னால் அவன் தனியாக நின்றான். கல்யாண வீட்டுப் பையிலிருந்த லட்டு இரண்டும் காலி. அடுத்த நாள் காலை நோட்டில் இரண்டு சிவப்பு, அவன் கையெழுத்திலேயே.

11 அக்டோபர், சனி

உயரம் 139.5 செ.மீ., எடை 46 கிலோ. எடை அப்படியே இருக்கிறதே என்று என் முகம் வாடியதைப் பார்த்து டாக்டர் காகிதத்தில் கணக்குப் போட்டார். உயரம் கூடி எடை கூடாததால் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 24.2இலிருந்து 23.6க்கு வந்திருக்கிறது. "வளர்ற பையனுக்கு இது நல்ல மாற்றம். இன்னும் நாளாகும், வந்துகிட்டே இருங்க." கழுத்து பெரிதாக மாறவில்லை, அதற்கும் நாளாகும்.

திரும்பும் வழியில் தெப்பக்குளம் கடைத்தெருவில் தீபாவளித் துணி எடுத்தோம். காலர் இல்லாத டி-ஷர்ட் ஒன்றைக் கையில் எடுத்து, வைத்துவிட்டு, மறுபடி எடுத்தான். "இது வாங்கிக்கவாப்பா?" என் மனைவி சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

20 அக்டோபர், தீபாவளி

அம்மா இந்த வருடம் அதிரசம் பாதி அளவில் தட்டினார், யாரும் சொல்லாமலே. ராத்திரி நோட்டை எடுத்து உட்கார்ந்தோம். அவனுக்கு 5 சிவப்பு, எனக்கு 7. என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "மத்தியானம் சாப்பிட்ட முறுக்கை எழுதலையேப்பா" என்றான். எழுதினேன். 8.