பிஎஸ்5-ல் இடம் பத்தவில்லையா? எம்.2 எஸ்எஸ்டி போடும் முறை

முதலில் வந்த பிஎஸ்5-ல் (பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல்) 825 ஜிபி சேமிப்பிடம் இருக்கிறது. சிஸ்டம் எடுத்துக்கொண்டது போக நமக்கு மிஞ்சுவது 667 ஜிபிதான். நூறு ஜிபி கேம் ஆறு ஏற்றினால் தீர்ந்தது. ஒன்றை அழித்துவிட்டு இன்னொன்றை இறக்கலாம்தான். ஆனால் 40 எம்பிபிஎஸ் லைனில் 100 ஜிபி இறங்க, வேகம் கொஞ்சமும் குறையாமல் இருந்தாலே ஐந்தரை மணி நேரம் ஆகும்.

வீட்டில் கிடக்கும் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் போதுமா என்பது நீங்கள் ஆடும் கேமைப் பொறுத்தது. பிஎஸ்4 கேம்கள் அதிலிருந்தே ஓடும். பிஎஸ்5 கேம்களை அதில் போட்டு வைக்கலாம், ஓட்ட முடியாது. ஆடும்போது உள்ளே மாற்றிக்கொள்ள வேண்டும். பிஎஸ்4 கேம்தான் அதிகம் என்றால், கன்சோலுக்குள் செருகும் வேகமான சேமிப்பு அட்டையான எம்.2 எஸ்எஸ்டிக்குச் செலவு செய்யாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கைப் பின்பக்க யூஎஸ்பியில் நேராகச் செருகுங்கள், ஹப் வழியாக வேண்டாம்.

பிஎஸ்5 கேம் ஓட வேண்டுமென்றால் எம்.2 மட்டும்தான் வழி. கடையில் 'எம்.2 எஸ்எஸ்டி' என்று மொட்டையாகக் கேட்டால் பழைய லேப்டாப்புக்கான சாட்டா வகையோ ஜென்3-யோ கைக்கு வரலாம். 'என்விஎம்ஈ, ஜென்4, 2280' (வேகமான வகை, நான்காம் தலைமுறை, 22 மி.மீ. அகலம் 80 மி.மீ. நீளம்) என்று கேளுங்கள். எஸ்எஸ்டியின் முனையில் உள்ள தங்க நிறப் பின்களின் வரிசையைப் பாருங்கள்: நடுவே வெட்டு ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு வெட்டு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். படிக்கும் வேகம் நொடிக்கு 5,500 எம்பிக்குக் குறையாமல் இருக்கட்டும். 250 ஜிபி முதல் 8 டிபி வரை எடுக்கும். என் கணக்கில் பெரும்பாலான வீடுகளுக்கு 1 டிபி போதும். டிராம் (சொந்தத் தற்காலிக நினைவகம்) இல்லாத எஸ்எஸ்டிகள் கம்ப்யூட்டரின் ராமைக் கடன் வாங்கி ஓடும். பிஎஸ்5 அந்த வசதியைத் தருவதில்லை, அதனால் அவற்றின் வேகம் குறையலாம். ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்கள் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கினால் சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில்லைக் கேட்டு வாங்குங்கள். வாரண்டிக்கு அதுதான் பிடி.

ஹீட்சிங்க் (எஸ்எஸ்டியின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடு) கட்டாயம். அது ஒட்டியே வருவதை வாங்குவது நல்லது. தனியாக வாங்கினால் உயரத்தை அளந்துவிடுங்கள்: எஸ்எஸ்டியோடு சேர்த்து மொத்தம் 11.25 மி.மீ., அகலம் 25 மி.மீ. இதைத் தாண்டினால் ஸ்லாட் மூடி உட்காராது. எஸ்எஸ்டிக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே ஒட்டும் தெர்மல் பேடின் இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். நகத்தால் மூலையைக் கிளப்பி இரண்டையும் உரித்தாக வேண்டும். ஒன்றை மறந்தாலும் சூடு ஹீட்சிங்க்குக்குச் சரியாக ஏறாது. சித்திரை வெயிலில் மூடிய டிவி ஸ்டாண்டுக்குள் வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

போடும் முன் சிஸ்டம் சாஃப்ட்வேரை அப்டேட் செய்யுங்கள். பிறகு முழுதாக ஆஃப் செய்து, ஒயர்களைக் கழற்றி, ஆறவிடுங்கள். ஸ்டாண்டைக் கழற்றி, பிஎஸ் லோகோ கீழே இருக்கும்படி துணி மேல் படுக்க வையுங்கள். மேல் மூடியின் மூலையை லேசாகத் தூக்கி நகர்த்தினால் வந்துவிடும். ஸ்லிம் மாடலில் மூடி இரண்டு துண்டாக இருக்கும். மூடியைத் திறந்த கையோடு அங்கே சேர்ந்திருக்கும் தூசியை வேக்குவத்தில் இழுத்துவிடுங்கள். கிரானைட் பட்டறை, குவாரிப் பக்கம் வீடு என்றால் இது ரொம்பவே முக்கியம்.

ஸ்லாட் மூடியின் ஒரே ஸ்க்ரூவை 1-ஆம் நம்பர் பிளஸ் ஸ்க்ரூடிரைவரால் கழற்றுங்கள். உள்ளே இன்னொரு சின்ன ஸ்க்ரூவும், அதன் அடியில் மோதிரம் மாதிரி ஒரு ஸ்பேசரும் இருக்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். அந்த ஸ்பேசரை '80' என்று போட்ட குழிக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் முறுக்கினால் எஸ்எஸ்டியின் வால் கீழே வளைந்து போர்டு கெட்டுவிடும். எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகி, தங்க நிறப் பின்கள் மறையும்வரை தள்ளி, பிறகு படுக்க வைத்து ஸ்க்ரூவைப் பொருத்துங்கள். நின்றதும் விட்டுவிடுங்கள், மேலும் முறுக்கினால் தலை வழுக்கிப்போகும். காந்த முனை ஸ்க்ரூடிரைவர் இருந்தால் ஸ்க்ரூ உள்ளே விழும் பயம் இல்லை.

ஆன் செய்ததும் ஃபார்மட் செய்யச் சொல்லும். முடிந்ததும் வேகத்தைக் காட்டும். ஃபார்மட் திரையே வராவிட்டால் பெரும்பாலும் எஸ்எஸ்டி முழுதாக உள்ளே போகவில்லை என்று அர்த்தம், கழற்றித் திரும்பச் செருகுங்கள். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய், புது கேம்கள் எம்.2-ல் ஏறும்படி மாற்றிவிடுங்கள். பழைய கேம்களை அங்கே மாற்றினாலும் சேவ் டேட்டா கன்சோலின் சொந்த இடத்திலேயே இருக்கும்.

ஃபார்மட் செய்யும்போதும் கேமை மாற்றும்போதும் கரண்ட் போகக் கூடாது. மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்தும் நாளில் இந்த வேலையைத் தொடாதீர்கள். வீட்டு இன்வெர்ட்டரில் இருந்தால் பின்னால் உள்ள ஸ்விட்சை 'யூபிஎஸ்' பக்கம் வையுங்கள். 'நார்மல்' பக்கம் இருந்தால் மாறும் அந்த ஒரு நொடியிலேயே கன்சோல் அணைந்துவிடலாம்.