முதலாம் வருடக் கணிதமும் மூடில் வினாக்களும்

உயர்தரத்தில் இணைந்த கணிதத்தைத் தமிழில் படித்துவிட்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்கு வரும் பிள்ளைகளுக்குக் கணக்குச் செய்யும் கை நன்றாகவே பழகியிருக்கும். பிழை விட்ட உடனேயே அது ஏன் பிழை என்று சொல்ல ஓர் ஆள் இல்லாததுதான் குறை. பெரிய வகுப்பொன்றின் ஒப்படைகளைத் திருத்தி முடிக்கும்போது பாடம் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். பல்கலைக்கழகங்கள் பாடங்களையும் வினாக்களையும் இணையத்தில் வைக்கப் பயன்படுத்தும் தளமான மூடிலில் சேர்க்கக்கூடிய ஸ்டாக் என்ற வினாவகை இந்த இடத்தில் பெரிதும் உதவுகிறது. கணித விரிவுரையாளர் கிறிஸ் சாங்வின் 2004 அளவில் இங்கிலாந்தின் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இலவச மென்பொருள் அது. பிள்ளை தட்டச்சு செய்த கோவையை மக்சிமா என்ற இயற்கணித மென்பொருளிடம் கொடுத்துச் சரிபார்க்கிறது. பல்தேர்வு வினாவைப் போல ஊகித்துத் தப்ப முடியாது.

ஆனால் நாம் கேட்ட சோதனையை மட்டுமே அது செய்யும். எக்ஸ் வர்க்கம் கழித்தல் ஐந்து எக்ஸ் கூட்டல் ஆறு என்பதைக் காரணிப்படுத்தச் சொல்லிவிட்டு, விடை சமவலுவானதா என்று மட்டும் பார்த்தால், வினாவையே திருப்பி எழுதிய பிள்ளைக்கும் முழுப் புள்ளி கிடைக்கும். காரணி வடிவத்துக்குத் தனிச் சோதனை உண்டு. அதையும் சேர்க்க வேண்டும். தொகையீட்டுக்கும் தனிச் சோதனை இருக்கிறது. மாறிலியை விட்டவருக்கு ஒரு கிளை, தொகையிடாமல் வகையிட்டவருக்கு இன்னொரு கிளை, பெருக்க விதி வினாவில் இரண்டு வகையீடுகளையும் வெறுமனே பெருக்கியவருக்கு மற்றொன்று என்று, எழுதிய விடைக்கேற்பப் பிரிந்து செல்லும் விடைமரத்தைக் கட்ட வேண்டும். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வசனம் எழுதுங்கள். "பிழை" என்று மட்டும் சொல்லும் வினாவுக்கு இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. வழமையான பிழைகள் எவை என்பது பழைய விடைத்தாள்களைத் திருத்தியவருக்குத்தான் தெரியும். ஆகவே இந்த வேலையைக் கணினிப் பிரிவிடம் ஒப்படைத்துவிட முடியாது.

ஒவ்வொருவருக்கும் வேறு எண்கள் போகும்படி செய்வது நல்லது. அங்கேயும் ஒரு பொறி: ஐந்துக்குள் ஓர் எண்ணை எழுமாற்றாகக் கேட்டால் 0 முதல் 4 வரை எதுவும் வரலாம். எக்ஸ் வர்க்கத்தின் குணகத்தில் 0 விழுந்தால் இருபடிச் சமன்பாடு ஒருபடியாகிவிடும். தவிர்க்க வேண்டிய எண்களைக் குறித்துவிட்டு, வெளியிடப்போகும் ஒவ்வொரு வடிவத்தையும் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும்.

முதல் வினாக்கொத்துக்குப் புள்ளி வேண்டாம். அது தட்டச்சுப் பழக்கத்துக்கு. ஒன்றின் கீழ் இரண்டு எக்ஸ் என்று நினைத்து அடைப்புக்குறி இல்லாமல் அடித்தால், இயந்திரம் அதை அரை எக்ஸ் என்று எடுத்துக்கொள்ளும். தான் விளங்கிக்கொண்டதை அது பெட்டிக்குக் கீழே காட்டும். அதைப் பார்த்த பின்னரே விடையைச் சமர்ப்பிக்கப் பழக்குங்கள். கணிதம் தெரிந்தும் அடைப்புக்குறியால் புள்ளி இழந்த பிள்ளை அடுத்த கிழமை மனமில்லாமல்தான் வரும்.

வரைபுகளுக்கு ஜியோஜீப்ரா என்ற மென்பொருள் போதும். எல்லையின் எப்சிலன்–டெல்டா வரைவிலக்கணத்துக்கு இரண்டு ஸ்லைடர்கள் வைத்து, எப்சிலனை ஒருவரிடமும் டெல்டாவை மற்றவரிடமும் கொடுத்தால், எப்சிலன் முதலில் வர, அதற்கேற்ற டெல்டா பிறகே வருகிறது என்பது கையாலேயே விளங்கும். இரண்டையும் ஒருவரே நகர்த்தினால் அந்த வரிசை குழம்பிவிடும். எக்ஸ் வர்க்கம் கழித்தல் ஒன்றை எக்ஸ் கழித்தல் ஒன்றால் வகுத்து வரைந்தால் திரையில் முழு நேர்கோடுதான் தெரியும். எக்ஸ் 1 ஆகும் இடத்திலுள்ள ஓட்டை தெரியாது. சார்பின் பெறுமானத்தை அங்கே கேட்டால்தான் வரையறுக்கப்படவில்லை என்று வரும். அதனால் முதலில் தாளில் கீறிவிட்டே திரையைத் திறக்க வேண்டும்.

எண்களால் கணிக்கும் மென்பொருளான ஒக்டேவில் ஒரு சிறு பயிற்சி கட்டாயம் வேண்டும். வகையீட்டை முன்னோக்கு வித்தியாசத்தால், அதாவது சற்றுத் தள்ளிய புள்ளியிலுள்ள பெறுமானத்திலிருந்து இந்தப் புள்ளியின் பெறுமானத்தைக் கழித்து இடைவெளியால் வகுத்து, கணிக்கும்போது இடைவெளியைக் குறைக்கக் குறைக்க விடை திருந்தும். ஏறத்தாழ 10இன் அடுக்கு −8ஐத் தாண்டியதும் மறுபடி கெடும். எக்ஸ் 1 ஆகும் இடத்தில் இடைவெளி 10இன் அடுக்கு −16 என்றால் விடை 0. ஒன்றோடு அவ்வளவு சிறிய எண்ணைக் கூட்டினால் கணினிக்கு அது ஒன்றேதான்.

நேரலை வகுப்பை மட்டும் நம்பினால் என்ன நடக்கும் என்பதை 2022 மார்ச்சில் 13 மணித்தியாலம் வரை போன மின்வெட்டு காட்டியது. வினாக்கொத்தை ஒரு மணித்தியாலத்துக்கல்ல, இரண்டு நாளுக்குத் திறந்து வையுங்கள். பக்கத்துக்கு ஒரு வினா போட்டால், அடுத்த பக்கத்துக்குப் போகும்போதே முந்தைய விடை சேமிக்கப்படும். இணைப்பு அறுந்தாலும் இழப்புச் சிறிது. பல பிள்ளைகளிடம் இருப்பது கைத்தொலைபேசிதான். காணொளியைப் பத்துப் பதினைந்து நிமிடத் துண்டுகளாகத் தாருங்கள். எழுத்துப் பெரிதாகவும் குரல் தெளிவாகவும் இருந்தால் படத் தரம் குறைந்தாலும் பரவாயில்லை.

நிறுவல்களை ஸ்டாக் திருத்தாது. அவை தாளில் எழுதப்பட்டு, படமெடுத்து, ஒரே பிடிஎவ் கோப்பாக வரவேண்டும். தனித்தனிப் படங்களாக ஏற்ற விட்டால் பக்கங்கள் வரிசை மாறியும் தலைகீழாகவும் வரும். படிமுறையோடு விடை தரும் செயலிகள் எல்லோர் கையிலும் இருப்பதால், ஒன்லைன் வினாக்கொத்துக்குச் சிறு பங்கு புள்ளியே கொடுத்து, எத்தனை தடவையும் முயல விடுவதும், பெரும்பங்கை மண்டபத்தில் எழுதும் பரீட்சைக்கு வைப்பதும்தான் நியாயம்.