38-ஆவது தடவை தலை தப்பியது

நேற்று இரவு பதினொன்றரை மணிக்குச் சுவர் விழுந்தது, பொம்மை நின்றது. அதற்கு முன் 37 தடவை அடி வாங்கிய அதே பொம்மைதான். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், கைதட்ட ஆள் இல்லை. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் மேல் விழுந்த சுவரின் சின்ன மாதிரிதான் நான் செய்தது, பொம்மைதான் கீட்டன். 1928-இல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில், சூறாவளியில் மரவீட்டின் முன்சுவர் அப்படியே பெயர்ந்து அவர் மேல் சாய்கிறது. மேலே உள்ள ஜன்னல் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து இறங்குகிறது. அவர் இமைகூட அசைவதில்லை. கலிபோர்னியாவில் சாக்ரமென்டோ ஆற்றங்கரையில் ஒரு ஊரையே கட்டி எடுத்த படம் அது. முதலில் முடிவுக் காட்சியாக வெள்ளத்தைத்தான் யோசித்திருந்தார்கள். 1927-இல் மிசிசிப்பி நிஜமாகவே ஊர்களை மூழ்கடித்துவிட்டதால், வெள்ளத்தை வைத்துச் சிரிக்கவைக்கக் கூடாது என்று சூறாவளிக்கு மாறினார்கள். வெள்ளமாகவே விட்டிருந்தால் நான் இந்த மூன்று மாதமும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

என் மாதிரியின் அளவு 12-இல் 1. கீட்டன் 5 அடி 5 அங்குல உயரம், எனவே பொம்மை 13.75 செ.மீ. சுவர் 50 செ.மீ. அகலம், கூம்பு உச்சி வரை 60 செ.மீ. உயரம். தோள்களுக்கு இரு பக்கமும், தலைக்கும், குதிகாலுக்கும் இரண்டிரண்டு அங்குலம்தான் இடைவெளி விட்டதாகக் கீட்டன் பேட்டியில் சொல்லியிருக்கிறார். என் அளவில் அது 4.2 மி.மீ. ஒரு பென்சிலின் தடிமன்கூட இல்லை.

ஜன்னலில்தான் நான் முட்டாளானேன். பொம்மை சுவரிலிருந்து 40 செ.மீ. தள்ளி நிற்கிறது. ஆகவே ஜன்னலும் சுவரில் 40 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும், பொம்மையின் முன்பின் தடிமன் 2 செ.மீ., இரு பக்கமும் 4 மி.மீ. விட்டால் 2.8 செ.மீ. உயரத் திறப்பு போதும் என்று வெட்டிவிட்டேன். சுவரைத் தரையில் படுக்கவைத்து, திறப்புக்குள் பொம்மையை இறக்கிப் பார்த்தால் அழகாகப் பொருந்துகிறது. நிறுத்தி விழவைத்தால் ஒவ்வொரு முறையும் நெற்றியில் அடி. கீல் ஆடுகிறது என்று கீலைத் திட்டினேன், பலகை வளைந்திருக்கிறது என்று கடைக்காரரைத் திட்டினேன். 20 தடவைக்கு மேல் இப்படியே போயிற்று.

பிறகு ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது டிக்கெட்டின் பின்பக்கம் கிறுக்கிப் பார்த்ததில் புத்தி வந்தது. சுவர் நேராக இறங்குவதில்லை, வட்டத்தில் சுற்றி வருகிறது. குதிகால் தரையில் இருக்கிறது, தலை 13.75 செ.மீ. மேலே இருக்கிறது. சுவரடியிலிருந்து குதிகாலுக்கு 39 செ.மீ. ஆனால் நெற்றிக்கு உள்ள தூரம் சாய்கோடு. 41-ஐயும் 13.75-ஐயும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 43.2 செ.மீ. தரைக்கு 18 பாகை மேலே சுவர் வரும்போதே தலை ஜன்னலைக் கடந்தாக வேண்டும், அதுவும் ஜன்னலின் மேல்விளிம்புப் பக்கமாக. கால் கடப்பது அதற்குப் பிறகு, கீழ்விளிம்பை ஒட்டி. எனவே திறப்பு 38.6-இல் தொடங்கி 43.6 வரை போக வேண்டும், அதாவது 5 செ.மீ. நான் வெட்டியது கிட்டத்தட்ட அதில் பாதி. படத்தில் வீடு படுத்தபின் அவரைச் சுற்றி முன்னும் பின்னும் இடம் தெரிகிறதே, இரண்டு அங்குலம் என்றது சும்மா பேச்சோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். படுத்தபின் தெரியும் இடம் தாராளம்தான். தலை நுழையும் அந்த நொடியில் தாராளம் கிடையாது.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. ஆள் வீட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறாரோ அவ்வளவு பெரிய ஜன்னல் வேண்டும். 20 செ.மீ. தூரத்தில் பொம்மையை நிறுத்தினால் திறப்பு ஏறத்தாழ 7 செ.மீ. ஆகிவிடும். தூரமாக நிறுத்தினால் ஜன்னல் சிறியதாகப் போதும், ஆனால் கீலில் உள்ள சிறு ஆட்டம் அங்கே பெரிதாகிவிடும். இந்தப் பேரம் அவருக்கும் இருந்திருக்கும். வாழ்நாளில் பள்ளிக்கூடம் போனது ஒரே ஒரு நாள் என்று சொல்லிக்கொண்ட மனிதர் இவர். அவர் இதைக் கணக்காகப் போட்டிருக்க மாட்டார். இதே வித்தையை முன்பே இரண்டு முறை சின்னதாகச் செய்து பார்த்தவர். 1919-இல் இன்னொரு நகைச்சுவை நடிகரான ஆர்பக்கிளுடன் நடித்த 'பேக் ஸ்டேஜ்' படத்தில் மேடைத் தட்டி ஒன்று ஆர்பக்கிள் மேல் விழுகிறது, ஜன்னல் காப்பாற்றுகிறது. 1920-இல் 'ஒன் வீக்' படத்தில் வீட்டுச் சுவரே விழுகிறது, கீழே நிற்பவர் கீட்டன். மூன்றாவது தடவைதான் கனமான சுவர். அவர் எட்டு வருடம் எடுத்துக்கொண்டதை மூன்று மாதத்தில் செய்ய நினைத்தது என் பேராசை.

கனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் சுவரைச் சன்போர்டில், அதாவது எடையே இல்லாத நுரைப்பலகையில், செய்தேன். வெட்டச் சுலபம், ஆனால் விழத் தெரியாது. தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது அடியில் சிக்கிய காற்று தாங்கிக்கொள்ள, அப்பளம்போல் நெளிந்து பக்கவாட்டில் போய் உட்காரும். 4 மி.மீ. பிளைவுட்டுக்கு மாறி, பின்பக்கம் மூன்று ரீப்பரும் (மெல்லிய மரச்சட்டம்) குறுக்கே ஒன்றும் ஒட்டியபின் முக்கால் கிலோ வந்தது. அடித்தால் மேஜை அதிர்கிறது. (நான் பிளைவுட் வாங்கிய கடையை மட்டும் கேட்காதீர்கள். நேரான பலகை என்று சத்தியம் செய்து கொடுத்தது வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே வில்லாக வளைந்தது. ரீப்பர் ஒட்டியதற்குப் பாதிக் காரணம் அதுதான்.)

இனி கீல். முதலில் இரண்டு சின்னப் பித்தளைக் கீல் போட்டேன். தனித்தனியாக அருமையாக இருந்தன. இரண்டின் அச்சும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் சுவர் பாதி வழியில் முக்கும், பிறகு ஒரு பக்கம் முந்திக்கொண்டு விழும். எங்கள் தெரு ஆசாரியிடம் காட்டினேன். "தம்பி, இரண்டு கீல் என்றால் இரண்டு மனசு. ஒரே கம்பியாகப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றை எடுத்துத் தலையை வெட்டினேன். தீர்ந்துபோன பால்பாயின்ட் ரீபிளைத் துண்டுகளாக்கி, மை போகக் கழுவி, சுவரடியில் நான்கும் அடிப்பலகையில் ஐந்துமாக மாற்றி மாற்றி ஒட்டி, எல்லாவற்றின் வழியாகவும் அந்தக் கம்பியைச் செருகினேன். பசை காயும்போது கம்பி உள்ளேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நேர்கோடு போய்விடும். கம்பியில் பசை பட்டுவிட்டால் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். விளக்கெண்ணெய் ஒரு சொட்டு தடவி வைத்தேன். இரண்டு ரீபிள் வீணானது, மூன்றாவது சரியாக வந்தது. இப்போது சுவர் உச்சியில் விரலால் ஆட்டிப் பார்த்தால் பக்கவாட்டில் ஒரு மி.மீ.கூட நகரவில்லை. அந்தச் சுகத்துக்காகவே ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

காற்றையும் விடவில்லை. விமானத்துக்குச் செய்த லிபர்ட்டி எஞ்சின் பூட்டிய ஆறு காற்று இயந்திரங்களை வைத்ததாகக் கீட்டன் சொல்கிறார். முன்னாலும் பின்னாலும் புயல் வீச வேண்டும், ஆனால் விழும் சுவரில் மட்டும் காற்றுப் படவே கூடாது என்பதுதான் அவர்களுடைய பெரிய கவலை. பட்டால் சுவர் முறுக்கிக்கொள்ளும், முறுக்கினால் ஆள் இல்லை. நானும் பழைய கணினிகளிலிருந்து கழற்றிய ஆறு விசிறிகள் வாங்கினேன், நான்குதான் சுற்றுகின்றன. 29-ஆவது முயற்சியில் ஒரு விசிறியைக் கொஞ்சம் திருப்பி வைத்துப் பார்த்தேன். முக்கால் கிலோச் சுவர் அசையாது என்றுதான் நினைத்தேன். விழுவதை அது மாற்றவில்லை, பொம்மையைத்தான் நகர்த்தியது. 5 மி.மீ. நகர்ந்தாலே இடது தோள் போயிற்று. கீட்டன் குதிகால் வைக்கும் இடத்தில் பெரிய ஆணிகளை அடித்துக் குறித்துக்கொண்டது ஏன் என்று அப்போது தெரிந்தது. நானும் இரண்டு குண்டூசி அடித்தேன்.

காகிதக்கூழ்ப் பொம்மையின் கழுத்து ஏழு முறை உடைந்து, ஏழு முறை ஒட்டப்பட்டிருக்கிறது. கீட்டனுக்கும் ஒரு தடவை உடைந்தது. 1924-இல் 'ஷெர்லாக் ஜூனியர்' படப்பிடிப்பில் ரயில்வே தண்ணீர்த் தொட்டியின் குழாயிலிருந்து கொட்டிய வெள்ளம் அவரைத் தண்டவாளத்தில் அடித்துப்போட்டது. தலைவலி என்று படுத்து எழுந்து நடிக்கப் போய்விட்டார். எலும்பு முறிந்திருந்தது பல வருடம் கழித்து எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. சின்னப் பையனாகப் பெற்றோருடன் மேடையில் நடித்தபோது, அப்பா தூக்கி எறிய வசதியாக அவர் சட்டையின் முதுகில் பெட்டிக் கைப்பிடி ஒன்றைத் தைத்து வைத்திருந்தார்கள். என் பொம்மைக்கும் முதுகில் ஒரு நூல் வளையம் உண்டு. இடிபாட்டிலிருந்து தூக்கத்தான், எறிய அல்ல.

படம் பிடிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 12-இல் 1 அளவில் பொருள் 3.46 மடங்கு வேகமாக விழும், 12-இன் வர்க்கமூலம் அது. நொடிக்கு 120 சட்டகம் எடுத்து அந்த அளவுக்கு நீட்டினால்தான் வீடு வீடாகத் தெரியும். நீட்டாமல் பார்த்தால் அஞ்சல் பெட்டியின் மூடிபோலப் பட்டென்று விழுகிறது.

உள்ளறை இன்னும் செய்யவில்லை. கட்டில், சுவர்த்தாள், பிய்ந்த விளிம்பு எதுவும் இல்லை. அதற்குள் மனம் அடுத்ததற்குத் தாவிவிட்டது. 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தோடு கீட்டனின் சொந்த யூனிட் முடிந்தது. அந்த ஆண்டே எம்.ஜி.எம். என்ற பெரிய ஹாலிவுட் பட நிறுவனத்தில் கையெழுத்திட்டார், வாழ்க்கையில் செய்த பெரிய தவறு அதுதான் என்று பின்னால் நொந்துகொண்டார். தன் வாழ்க்கைக் கதையைப் படமாக்க 1950-களில் கிடைத்த பணத்தில் லாஸ் ஏஞ்சலஸின் உட்லேண்ட் ஹில்ஸில் ஒரு வீடு வாங்கினார். தோட்டத்தில் சின்ன ரயில் பாதை போட்டு, விருந்தாளிகளுக்குச் சாப்பாட்டை அதிலேயே அனுப்பினார். அதுதான் எனக்கு வேண்டும். அடுக்களையிலிருந்து பால்கனிக்கு ஒரு டம்ளர் காபி சிந்தாமல் போக வேண்டும். நிலைப்படி 3 செ.மீ. மேடாக இருக்கிறது, அங்கே சரிவு எப்படிக் கொடுப்பது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். கொஞ்சம் பெரிய பொம்மை ரயில் எஞ்சினுக்கு இரண்டு இடத்தில் விலை கேட்டேன், இரண்டும் என் மாதச் சம்பளத்தை ஒட்டி இருந்தன. எஞ்சினை நானே செய்வதாக இருக்கிறேன், சக்கரம் மட்டும் வாங்க வேண்டும்.

39-ஆவது முறை இன்று காலை மகள் முன்னால் விழவைத்தேன். சுவர் சரியாக விழுந்தது. விசிறியை நிறுத்த மறந்ததால், மேஜையில் தூவி வைத்திருந்த கோலப்பொடி முழுவதும் அவள் பள்ளிச் சீருடையில்.