செங்கல்பட்டு வண்டியில் போன பை

குரோம்பேட்டையில் இறங்கி, அம்மாவைத் தூணோரம் நிற்க வைத்துவிட்டுத் திரும்பியபோது வண்டி நகரத் தொடங்கிவிட்டது. கைப்பை தோளில் இருந்தது, தண்ணீர் பாட்டிலும் இருந்தது. நீலக் கட்டம் போட்ட துணிப்பையைக் காணவில்லை. பெண்கள் பெட்டியின் சாமான் தட்டில் அது தாம்பரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே அம்மாவின் ஐந்து வருட மருத்துவக் கோப்பு: ஸ்கேன் படங்கள், எக்கோ அறிக்கைகள், அன்று மருத்துவர் மாற்றி எழுதிக் கொடுத்த சீட்டு, ஒரு மாதத்துக்கான மாத்திரைகள். பத்து ரூபாய்கூட அதில் இல்லை. ஆனால் எடுத்துப் போகிறவருக்கு எதற்கும் உதவாத அந்தக் காகிதங்களை வைத்துத்தான் அம்மாவின் வைத்தியம் நடக்கிறது.

மாலை நேரக் கூட்டத்தில் முழங்கால் வலியோடு இருப்பவரை இறக்குவது எவ்வளவு பாடு என்பது மின்சார ரயிலில் போகிறவர்களுக்குத் தெரியும். வண்டி நிற்பது சில நொடிகள். இறங்குவதற்குள் ஏறுகிறவர்கள் ஏறிவிடுவார்கள். என் கவனமெல்லாம் அம்மாவின் கால்களில் இருந்தது.

அடுத்த வண்டியைப் பிடித்துத் துரத்தலாம் என்று ஓடப் பார்த்தேன். அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். கடற்கரை நிலையத்துக்குப் பக்கத்து அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் அவர். 1931-ல் மின்சார ரயில் வந்த இந்தத் தடத்தில் மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) வண்டி கடைசியாக ஓடிய 2004 ஜூலை 1 வரை அதில் போய்வந்தவர். "நீ செங்கல்பட்டு போய்ச் சேரும்போது அந்த வண்டி திரும்பி எதிர்த் தடத்தில் உன்னைக் கடந்து போயிருக்கும். முதலில் ஸ்டேஷனில் சொல்" என்றார். அந்த ஒரு சொல்தான் பையைக் காப்பாற்றியது. கடைசி நிலையத்தில் வண்டி அதிக நேரம் நிற்பதில்லை. வேறு எண்ணோடு, வேறு பயணிகளோடு திரும்பிவிடுகிறது.

டிக்கெட் கவுண்டரில் இருந்தவர் வரிசையை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார். எத்தனை மணி வண்டி? செங்கல்பட்டோடு நிற்பதா, திருமால்பூர் போவதா? எந்தப் பெட்டி? பை எப்படி இருக்கும்? பார்க் நிலையத்தில் எடுத்த டிக்கெட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். அதில் அச்சாகியிருந்த நேரத்தைப் பார்த்து வண்டியைக் கண்டுபிடித்தார். பெட்டியைச் சொல்வதில்தான் தடுமாறினேன். ஒரு வண்டியில் பெண்கள் பெட்டி ஒன்றுக்கு மேல் இருக்கிறது. அம்மா பின்னாலிருந்து சொன்னார்: "மோட்டார்மேன் பக்கத்திலிருந்து முதல் பெண்கள் பெட்டி. மேற்குப் பக்கத் தட்டு, வெயில் முகத்தில் அடித்த பக்கம்."

கவுண்டர்காரர் தாம்பரத்துக்குத் தொலைபேசியில் பேசினார். வண்டி அதற்குள் தாம்பரத்தைத் தாண்டிவிட்டது. நான் ரயில்வே உதவி எண்ணான 139-க்கு அழைத்தேன். தமிழிலேயே பேசலாம். பாதுகாப்பு உதவிக்கு எண் 1-ஐ அழுத்த வேண்டும். வண்டி எண் கேட்டார்கள். சென்னைப் புறநகர் வண்டிகளுக்கும் ஐந்து இலக்க எண் உண்டு, 4-ல் தொடங்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. கவுண்டர்காரர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். புகார் எண் குறுஞ்செய்தியாக வந்தது.

பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று மனத்துக்குள் வண்டியோடு போய்க்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நிலையத்திலும் யாரோ அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவது போலவே இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து அழைப்பு வந்தது. ரயில்வே பாதுகாப்புப் படையின் பெண் காவலர் பெட்டியில் ஏறிக் கேட்டதும், ஜன்னலோரம் இருந்த ஒரு கல்லூரி மாணவி பையை எடுத்துக் கொடுத்தாளாம். யாரும் தொடாமல் அவளே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் பெயரை யாரும் கேட்டு வைக்கவில்லை. அது இன்றும் எனக்குக் குறைதான்.

அம்மாவை ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் செங்கல்பட்டுக்குக் கிளம்பினேன். கொளவாய் ஏரி இருட்டில் பளபளத்ததைப் பார்த்த பிறகுதான் மூச்சு சீரானது.

பையைக் காட்டுவதற்கு முன் உள்ளே இருப்பதை எழுதித் தரச் சொன்னார்கள். அது சரியான முறை என்றே நினைக்கிறேன். கண்ணாடிக் கூட்டை மறந்துவிட்டேன். மாத்திரை அட்டைகள் எத்தனை என்றும் தெரியவில்லை. அம்மாவைத் தொலைபேசியில் கேட்டு எழுதினேன், ஏழு. அடுத்த சிக்கல், கோப்பில் இருப்பது அம்மா பெயர், என் ஆதாரில் இருப்பது கணவர் பெயர். நான் மகள்தான் என்பதற்கு என்ன சான்று? அம்மாவின் ஆதார் படத்தை வாட்ஸ்அப்பில் வரவழைத்துக் காட்டினேன், அவரோடு பேசவும் வைத்தேன். உதவி ஆய்வாளர் கோப்பைப் புரட்டிக்கொண்டே இருந்தார். மருத்துவமனைச் சீட்டில் தொடர்பு எண் என்று ஒன்று அச்சாகியிருந்தது. பேசாமல் அந்த எண்ணை அழுத்தினார். என் கையில் இருந்த கைபேசி ஒலித்தது.

அதன்பின் பத்து நிமிட வேலை. ஆதார் நகல், ஒரு கடிதம், பதிவேட்டில் கையெழுத்து. கட்டணம் எதுவும் இல்லை. பயணிகள் தவறவிட்டதைச் சேர்ப்பிக்கும் இந்தப் பணிக்கு ‘ஆபரேஷன் அமானத்’ என்று பெயர் என்றார் அவர். அட்டைகளை எண்ணிப் பார்த்தேன், ஏழு இருந்தன.

திரும்பும் வண்டியில் இடம் தாராளமாக இருந்தும் பையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். ஒன்பது மணிக்குப் போட வேண்டிய மாத்திரையை அம்மா அன்று பத்தே முக்காலுக்குப் போட்டுக்கொண்டார்.