அந்த விடுதியில் ஓர் இரவு

"தம்பி, இது முந்தி என்னவா இருந்தது?" என்று அம்மா கேட்டபோது நான் காரிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன். கல்கரியில் புறப்படும்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வரமாட்டார் என்ற பயத்தில் நாலரை மணி நேரம் வாயைத் திறக்காமல் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

"பள்ளிக்கூடம்" என்றேன்.

"பள்ளிக்கூடத்திலையோ படுக்கப் போறம்?"

"விடுதியோட இருந்த பள்ளிக்கூடம் அம்மா. இப்ப ஹோட்டல்."

தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். பிள்ளைகளைத் தங்கவைப்பதும் விடுதி, காசு கொடுத்து நாம் தங்குவதும் விடுதி. அந்தக் கட்டடத்தின் முழுக் கதையும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது என்று பிறகு தோன்றியது. அப்போது தோன்றவில்லை. பெட்டி பாரமாக இருந்தது.

இடம், பிரிட்டிஷ் கொலம்பியாவின் தென்கிழக்கு மூலையில் கிரான்புரூக் நகருக்கு அருகே உள்ள செயின்ட் யூஜின். செப்டம்பர் கடைசி வாரம். மனைவிக்கு வேலை, அதனால் நான், அம்மா, பத்து வயது மகள் மூவரும்தான். கல்கரியிலிருந்து தெற்கே இறங்கி, குரோஸ்நெஸ்ட் கணவாய் வழியாக றொக்கி மலைகளைக் கடக்கும் பாதை. 1903 இல் மலை சரிந்து ஊரின் ஒரு பகுதியை மூடிய ஃபிராங்க் என்ற இடத்தில், நெடுஞ்சாலையின் இரு பக்கமும் வீட்டளவுப் பாறைகள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. மகள் அதைப் படம் எடுத்தாள். அதற்கப்பால் லார்ச் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. பாதையைப் பற்றி இவ்வளவு போதும். இந்தப் பாதைக்கென்றே எழுதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

செயின்ட் யூஜின் இருப்பது டுனாஹா மக்களின் நிலத்தில், அக்கம் என்ற சமூகத்தின் எல்லைக்குள். அக்கம்பக்கம் என்கிறோமே, ஏறக்குறைய அந்த அக்கம்தான். எங்கள் நாக்குக்கு முழுதாக வராத ஒரு ஒலி நடுவில் இருக்கிறது. டுனாஹா மொழிக்கு உலகத்தில் வேறு எந்த மொழியோடும் உறவு இருப்பதாக நிறுவப்படவில்லை. தனி மரம். இன்று அதைச் சரளமாகப் பேசுகிறவர்கள் மிகச் சிலர். அப்படி ஆனதற்குக் காரணங்களில் ஒன்று, நாங்கள் அன்றிரவு தூங்கப்போன கட்டடம்.

கனடாவில் இப்படி 130க்கு மேற்பட்ட வதிவிடப் பாடசாலைகள் இருந்தன. காசு அரசாங்கத்துடையது, நடத்தியது திருச்சபைகள். ஏறத்தாழ 1,50,000 முதற்குடிப் பிள்ளைகள் அவற்றுக்குள் போனார்கள். 1920 இல் சட்டத்தைத் திருத்தி, 7 முதல் 15 வயது வரையான பிள்ளைகளை அனுப்பியே ஆக வேண்டும் என்றார்கள். மறுத்த தாய் தகப்பனுக்குத் தண்டனை. கடைசிப் பாடசாலை மூடப்பட்டது 1990களில்தான். செயின்ட் யூஜினில் இப்போதுள்ள கட்டடம் 1912 முதல் 1970 வரை பாடசாலையாக இருந்தது. டுனாஹா மட்டுமல்ல, ஒகனாகன், ஷுஷ்வாப், பிளாக்ஃபுட் பிள்ளைகளும் என்று சுமார் 5,000 பேர் இந்த வாசல்படி ஏறியிருக்கிறார்கள்.

ஹோட்டலுக்குள்ளேயே டுனாஹா மக்களின் சிறிய காட்சியகம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்த பெண் "கிசுக் க்யுக்யித்" என்று வரவேற்றார். நல்ல நாளாகட்டும் என்பது போல. மகள் உடனே பிடித்துக்கொண்டாள். அம்மா இரண்டு தரம் முயன்று, சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

பழைய படங்களில் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். ஒரே மாதிரி உடுப்பு, ஒட்ட வெட்டிய தலைமயிர். யாரும் சிரிக்கவில்லை. அந்தக் காலத்துப் படங்களில் யாருமே சிரிப்பதில்லைதான். எங்கள் தாத்தாவின் கலியாணப் படத்திலும் சிரிப்பில்லை. அதனால் சிரிக்காததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் கைகளைப் பாருங்கள். ஒரு பிள்ளையின் கையும் பக்கத்துப் பிள்ளையின் தோளிலோ கையிலோ இல்லை.

சொந்த மொழியில் பேசினால் அடி. அண்ணனும் தங்கையும் ஒரே கூரைக்குள் இருந்தும் பேச முடியாது, ஆண்பிள்ளைகள் ஒரு பக்கம், பெண்பிள்ளைகள் ஒரு பக்கம். இதையெல்லாம் நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் ஒரு படத்தின் முன் நின்றுவிட்டார்.

"சின்னனிலை சோறு தின்னாட்டி பிள்ளைபிடிகாரர் வருவினம் எண்டு உங்களை வெருட்டுவன். அது சும்மா ஒரு கதை. இங்கை அரசாங்கமே பிடிச்சிருக்கே."

பிள்ளைபிடிகாரர் என்றால் என்ன என்று மகள் கேட்டாள். அவளை அந்தச் சொல்லால் யாரும் வெருட்டியதில்லை. அவள் படிக்கும் பள்ளியில் செப்டம்பர் 30 அன்று எல்லோரும் ஆரஞ்சுச் சட்டை போடுவார்கள். 1973 இல் வில்லியம்ஸ் லேக் பக்கத்துப் பாடசாலையில் சேர்ந்த முதல் நாளே, பாட்டி வாங்கித் தந்த ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள், அது பிறகு திரும்பவே இல்லை என்று ஃபிலிஸ் வெப்ஸ்டாட் சொன்னதிலிருந்து தொடங்கிய வழக்கம். அந்தக் கதையை மகள்தான் தன் அப்பம்மாவுக்குச் சொன்னாள், என்னைவிட நன்றாக.

இனி எனக்குச் சங்கடமான ஒன்று. இந்தப் பாடசாலையை நடத்தியவர்கள் அமலமரித் தியாகிகள் சபையினர். அதை நிறுவிய பிரெஞ்சு ஆயரின் பெயர் யூஜின். அவருடைய பெயர்காவல் புனிதரின் பெயர்தான் இந்த இடத்துக்கு. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கருக்கு இந்தச் சபையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து எங்கள் கோவில்களும் பாடசாலைகளும் அவர்கள் கையால் வளர்ந்தவை. எனக்குக் கணக்குப் படிப்பித்த சுவாமியும் அந்தச் சபைதான். நல்ல மனிதர். சைக்கிளில் வருவார், தமிழைத் தவிர வேறு மொழியில் ஏசியதில்லை. அதே சபை, அதே சிலுவை, கடலுக்கு இந்தப் பக்கம் வேறு வேலை பார்த்திருக்கிறது. கனடாவின் அமலமரித் தியாகிகள் 1991 இலேயே மன்னிப்புக் கேட்டார்கள். அரசாங்கம் நாடாளுமன்றத்தில் கேட்டது 2008 இல். பாப்பரசர் பிரான்சிஸ் அல்பேர்ட்டாவின் மஸ்குவாசிஸுக்கு வந்து கேட்டது 2022 இல். அம்மாவிடம் சபையின் பெயரைச் சொன்னேன். "எங்கடை சுவாமிமாரோ?" என்று கேட்டார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பாடசாலை மூடிய பிறகு கட்டடம் பல வருடம் பாழாகக் கிடந்திருக்கிறது. இடித்துத் தள்ளுங்கள் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அப்படிச் செய்த ஊர்களும் உண்டு. அலேர்ட் பே தீவில் 2015 இல் செயின்ட் மைக்கேல் பாடசாலையை இடித்தபோது, அங்கே படித்தவர்கள் வந்து கல்லெறிந்தார்கள். ஒன்ராறியோவின் பிராண்ட்ஃபர்டில் மோஹாக் பாடசாலையை, சாட்சியம் அழியக் கூடாது என்று காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். டுனாஹா மக்கள் எடுத்தது மூன்றாவது வழி. மேரி போல் என்ற மூதாட்டி 1984 இல் சொன்னது இன்றும் அங்கே எல்லோர் வாயிலும் இருக்கிறது: எங்கள் பண்பாட்டைப் பறித்தது இந்தக் கட்டடத்துக்குள்தான், திருப்பித் தருவதும் இதற்குள்ளேயே நடக்கட்டும். அதைக் கையில் எடுத்து நடத்தியவர் சோஃபி பியேர். சிறுமியாக இதே பாடசாலையில் படித்து, பிறகு நீண்ட காலம் தன் சமூகத்தின் தலைவியாக இருந்தவர். 2000 இல் கோல்ஃப் மைதானம், அடுத்த சில வருடங்களுக்குள் கசினோவும் ஹோட்டலும். தொடங்கிய கொஞ்ச நாளிலேயே கடனில் மூழ்கப் பார்த்தது. அல்பேர்ட்டாவின் சாம்சன் க்ரீ மக்களும் ஒன்ராறியோவின் ராமா சிப்பேவா மக்களும் பங்காளிகளாக வந்து கைகொடுத்தார்கள்.

கசினோவா, இந்த இடத்திலா என்று எனக்கும் முதலில் முகம் சுளித்தது. பிறகு யோசித்தேன். நான் எதிர்பார்த்தது என்ன? அவர்கள் காலமெல்லாம் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு சோகமாக நிற்க, நான் வந்து தலைகுனிந்துவிட்டு வீட்டுக்குப் போவதா? கட்டடம் அவர்களுடையது, வேலைகள் அவர்களுக்கு, என் அறை வாடகையும் அவர்களுக்கு. எனக்குச் சரியாகப் படுகிறதா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

பழைய கட்டடத்தில் ஒரு பகுதி, பக்கத்தில் புதிதாகக் கட்டிய பகுதி, எல்லாமாக 125 அறைகள். எங்களுக்குக் கிடைத்தது பழையதில். மெத்தை, தொலைக்காட்சி, கோப்பி இயந்திரம், எல்லாம் எந்த ஹோட்டலையும் போல. சுவர்தான் தடிப்பு, ஜன்னல்தான் உயரம். இரவு அம்மா செபமாலையைக் கையில் எடுத்தவர் நெடுநேரம் வைக்கவில்லை. "இந்த அறையிலை எத்தனை கட்டில் போட்டிருப்பினம்?" என்று இருட்டில் ஒருமுறை கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். மகள் நன்றாகத் தூங்கினாள்.

காலையில் கோவிலுக்கு நடந்தோம். 1897 இல் கட்டிய மரக்கோவில், வண்ணக் கண்ணாடிகளோடு அழகாக இருக்கிறது. பியேர் என்ற டுனாஹா மனிதர் கண்டுபிடித்துக் காட்டிய ஈய, வெள்ளிச் சுரங்கத்தின் பணத்தில் எழுந்தது. கதவு பூட்டியிருந்தது. அம்மா படியில் நின்றே ஒரு அருள்நிறை மரியே சொன்னார்.

அருகிலுள்ள சேமக்காலையைப் பற்றிக் கவனமாகச் சொல்ல வேண்டும். 2021 மே மாதம் கம்லூப்ஸில் இருந்த வதிவிடப் பாடசாலை வளவில் 215 புதைகுழிகள் இருக்கலாம் என்ற செய்தி வந்து நாடே அதிர்ந்தது. அடுத்த மாதம், இங்கே பெயர்ப்பலகை இல்லாத 182 குழிகள் என்று தலைப்புச் செய்தி. ஆனால் அக்கம் சமூகம் அப்போதே விளக்கியது: இது 1865 முதல் குடியேறிகளும் புதைக்கப்பட்ட இடம், பக்கத்தில் மருத்துவமனையும் இருந்தது, மரச் சிலுவைகள் உக்கிப் போயிருக்கும், அதனால் யார் யார் என்று சொல்ல முடியாது. பரபரப்பை அவர்களே தணித்தார்கள். அதனால் துயரம் குறைந்துவிடாது. வதிவிடப் பாடசாலைகளில் இறந்த 4,000க்கு மேற்பட்ட பிள்ளைகள் தேசியப் பதிவேட்டில் ஏறியிருக்கிறார்கள். நாங்கள் சேமக்காலைக்குள் போகவில்லை. தூரத்தில் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

திரும்பும் வழியில் அம்மா கேட்டார்: "அண்டைக்குக் கையைத் தூக்கிச் சொன்னனே, அது இவையளைப் பற்றித்தானோ?"

எனக்குப் பிடிபட ஒரு நிமிடம் ஆயிற்று. அம்மா குடியுரிமைச் சத்தியம் எடுத்தது 2022 இல். அதற்கு முந்திய வருடம்தான் சத்தியத்தின் வாசகத்தை மாற்றி, முதற்குடிகள், இனுயிற், மெற்றி மக்களின் உரிமைகளையும் உடன்படிக்கைகளையும் மதிப்பேன் என்று சேர்த்தார்கள். வதிவிடப் பாடசாலைகளைப் பற்றி விசாரித்த, உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015 இல் வைத்த 94 கோரிக்கைகளில் கடைசி அது. அம்மா அதை ஆங்கிலத்தில் கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னார், எங்கள் எல்லோரையும் போல.

நல்லிணக்கம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இயல்பாகவே காது மூடிக்கொள்ளும். 2010 இல் இலங்கையிலும் அந்தப் பெயரில் ஓர் ஆணைக்குழு வைத்தார்கள். பாடம் கற்றுக்கொண்டதாகப் பெயரிலேயே போட்டும் கொண்டார்கள். இங்கே மறே சின்கிளேயர் தலைமையில் ஆறு வருடம் ஊர் ஊராகப் போய், 6,500க்கு மேற்பட்டோர் சொன்னதைக் கேட்டார்கள். உண்மை முதலில், இணக்கம் அதற்குப் பிறகு என்று பெயரிலேயே வரிசை இருக்கிறது. 94 கோரிக்கைகளில் பாதிக்கு மேல் இன்னும் முழுதாக நிறைவேறவில்லை, அதுவும் உண்மை.

"ஓம் அம்மா, இவையளைப் பற்றித்தான்" என்றேன்.

அறையைக் காலிசெய்யப் போனபோது, நல்ல நித்திரையா என்று வரவேற்பில் இருந்த பெண் கேட்டார். எல்லா ஹோட்டலிலும் கேட்பதுதான். நல்ல நித்திரை என்று நான் சொல்லி முடிக்குமுன் அம்மா தன் உடைந்த ஆங்கிலத்தில் குறுக்கிட்டார்: நித்திரை இல்லை, பிள்ளைகளை நினைத்தேன்.

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அந்தப் பெண்ணின் முகம் மாறவில்லை. தன் அம்மாவும் இங்கே படித்தவர் என்றார். தான் வேலைக்குச் சேர்ந்து இத்தனை காலம் ஆகியும் அவர் ஒருநாள்கூட உள்ளே வந்ததில்லையாம். வேலை முடியும் நேரத்துக்குக் கார் தரிப்பிடம் வரை வந்து, காருக்குள்ளேயே இருந்து, ஏற்றிக்கொண்டு போவாராம். சொல்லிவிட்டுப் பற்றுச்சீட்டை மடித்துத் தந்தார்.

நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். வெளியே வந்தோம். தரிப்பிடத்தில் இரண்டு மூன்று கார்களில் ஆட்கள் இருந்தார்கள். அம்மா ஒவ்வொரு காராகப் பார்த்துக்கொண்டே மெதுவாக நடந்தார்.